மகளைச் சென்னைக்குக் கண்காட்சி பாக்கக் கூட்டிட்டுப் போகணும்: கடலூர்லேருந்து எப்படிப் போனா நல்லது?

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்)

எல்லாருக்கும் வணக்கம். என் மக ஒன்பதாவது படிக்கிறா. ஞாயித்துக்கிழமை ஆனா என் போனை வாங்கிக்கிட்டுத் துறைமுகத்துக்குக் கூட்டிட்டுப் போங்கப்பான்னு நிப்பா. வலை பின்னுறவங்க கை, ஐஸ் பெட்டி, கரையேத்தி வச்ச படகு, இதையேதான் எடுக்குறா. எனக்குப் பாக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா நல்லதா இல்லையான்னு சொல்லத் தெரியல. அவளோட ஓவிய டீச்சர் சொன்னாங்க, "சென்னையில போட்டோ கண்காட்சி, ஓவியக் கண்காட்சி நடந்துக்கிட்டே இருக்கும். ஒரு தடவை கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க"ன்னு.

எங்க குடும்பத்துல யாரும் அந்த மாதிரி இடத்துக்குள்ள போனதில்ல. டிக்கெட் உண்டா, எங்கள மாதிரி ஆளுங்கள உள்ள விடுவாங்களா, காலையில கிளம்பினா ராத்திரிக்குள்ள வீடு வந்து சேர முடியுமா? போய் வந்தவங்க சொல்லுங்க.

ஈசிஆர் பயணி (லாஸ்பேட்டை, புதுச்சேரி)

தாராளமா போங்க அண்ணே. யாரும் ஏன் வந்தீங்கன்னு கேக்க மாட்டாங்க. கிரீம்ஸ் ரோட்டுல இருக்குற லலித் கலா அகாடமியில பெரும்பாலும் டிக்கெட்டே இருக்காது. வாசல்ல ஒரு நோட்டு வச்சிருப்பாங்க, பேரும் ஊரும் எழுதிட்டு உள்ள போகலாம். கடலூர்னு எழுதுங்க, அங்க உக்காந்திருக்கிறவங்களுக்கு சந்தோஷமா இருக்கும்.

முதல்ல தேதியை உறுதி பண்ணிக்கோங்க. நிறைய கேலரியில ஒரு வாரம், பத்து நாளுக்குத்தான் இடம் எடுத்து நடத்துவாங்க. இன்னிக்குப் படிச்சிட்டு அடுத்த மாசம் போகலாம்னு வச்சா, போறப்ப சுவர்ல ஆணி மட்டும்தான் இருக்கும். கிளம்புற அன்னிக்கு முந்தின நாள் போன் பண்ணிக் கேட்டுடுங்க. வார விடுமுறையும் ஒவ்வொரு இடத்துக்கும் வேற வேற. எழும்பூர் அரசு அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை கிடையாது. முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை கிடையாது. கேலரி எல்லாம் காலையில சீக்கிரம் திறக்க மாட்டாங்க, 11 மணிக்கு மேல போனாப் போதும்.

வழி ரெண்டு இருக்கு. ரயில்னா புதுச்சேரிலேருந்து காலையில எழும்பூருக்கு வண்டி இருக்கு, சாயங்காலம் அங்கேருந்து திரும்பவும் இருக்கு. எழும்பூர்ல இறங்கினா அருங்காட்சியகம் கிட்டத்துலயே. 1850ல அலெக்சாண்டர் ஹண்டர் ஆரம்பிச்ச ஓவியப் பள்ளிதான் இப்ப அரசு கவின் கலைக் கல்லூரி, அதுவும் அந்தப் பக்கம்தான். கிரீம்ஸ் ரோட்டுக்கு ஆட்டோல கொஞ்ச தூரம்.

பஸ்னா ஈசிஆர், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலை. முட்டுக்காட்டுல தட்சிணசித்ரா, இன்னும் கொஞ்சம் தள்ளி ஈஞ்சம்பாக்கத்துல சோழமண்டலம் ஓவியர் கிராமம், ரெண்டுமே வழியில வந்துடும். சோழமண்டலம் 1966ல ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோட மாணவர்களும் சேர்ந்து உண்டாக்கினது. பாத்திக் துணியும் (மெழுகு வச்சுச் சாயம் போடுறது) கைவினைப் பொருளும் வித்த காசுலதான் நிலம் வாங்கினாங்க. சென்னை ஓவியர்களோட நிரந்தரக் காட்சி ஒண்ணு உண்டு, அது போக மாறி மாறி வர்ற காட்சிக்குன்னு தனி அறைகளும் உண்டு. தட்சிணசித்ராவுலயும் அப்படித்தான், ஆனா அங்க நுழைவுக் கட்டணம் இருக்கு. நகரத்துக்குள்ள போகாமலே ஒரு நாள் நிறைஞ்சுடும்.

பொண்ணுக்குப் போட்டோதான் முக்கியம்னா சென்னை போட்டோ பியென்னாலேன்னு ஒரு பெரிய போட்டோ விழா உண்டு, அது வர்றப்ப விடாதீங்க. 2016லயும் 2019லயும் நடந்துச்சு, அப்புறம் 2021 டிசம்பர்ல ஆரம்பிச்சது, 2024 டிசம்பர்ல ஆரம்பிச்சது. இடைவெளி ஒரே மாதிரி இல்லங்கிறதால செய்தியில கண் வச்சிருக்கணும். 2019ல கடற்கரை எதிர்ல இருக்குற சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸுக்குள்ளயே படம் மாட்டியிருந்தாங்க. சிஷோம்ங்கிற வெள்ளைக்காரக் கட்டடக் கலைஞர் கட்டின அந்தக் கட்டடத்துக்குள்ள சாதாரண நாள்ல நம்மால போக முடியாது.

செம்மண்டலம் (கடலூர்)

நல்ல எண்ணத்துலதான் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு பேரு போய் வர்ற பஸ் செலவு, ஆட்டோ, சாப்பாடு எல்லாம் கூட்டினா ஆயிரத்துக்கு மேல ஓடிடும். அங்க மாட்டியிருக்கிற படம் முக்கால்வாசி அந்தப் போட்டோகிராபர்களோட இணையப் பக்கத்துலயே இருக்கு, வீட்டுல உக்காந்து பாக்கலாம். அந்தக் காசுக்கு ஒரு ட்ரைபாட் வாங்கிக் கொடுங்க. கையில கருவி இருந்தா பிள்ளை தானா கத்துக்கும்.

வண்ணக்குழைவு (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

செம்மண்டலம் சார், ட்ரைபாட் நல்ல யோசனைதான், அதையும் வாங்கிக் கொடுக்கட்டும். ஆனால் போனில் பார்ப்பதும் நேரில் பார்ப்பதும் ஒன்று என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பள்ளியில் ஓவியம் சொல்லிக் கொடுக்கிறேன், பிள்ளைகளைக் கண்காட்சிக்குக் கூட்டிப் போகிறேன். அங்கே அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

அளவுதான் முதல் விஷயம். ஒரு உதாரணம் சொல்கிறேன். லின்னேயஸ் ட்ரைப் என்கிற ராணுவ அதிகாரி 1858ல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை எல்லாம் போய்ப் பெரிய கேமராவில் காகித நெகட்டிவ் வைத்துப் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்தில் ஓடுகிற கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அதைப் போனில் திறந்தால் ஒரு நூல் மாதிரி தெரியும். பெரிதாக்கினால் ஒரு துண்டு தெரியும், மற்றது போய்விடும். அதன் முழு அளவில் சுவரில் இருந்தால், கோயிலைச் சுற்றி வருகிறவர் எழுத்தைப் படித்துக்கொண்டே நடப்பதுபோல நாமும் நடக்கலாம். அவர் அப்படித்தான் எண்ணிச் செய்திருக்கிறார்.

போனில் எல்லாப் படமும் ஆறு அங்குலம்தான். கண்காட்சியில் ஒருவர் ஒரு படத்தை உள்ளங்கை அளவில் போட்டிருப்பார், பக்கத்திலேயே இன்னொன்றை ஆள் உயரத்துக்குப் போட்டிருப்பார். ஏன் இது சின்னது, ஏன் அது பெரியது என்று பிள்ளை கேட்க ஆரம்பித்தால் பாதிப் பாடம் முடிந்தது. அடுத்தது வரிசை. எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம் என்பதை ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார். ஓவியம் என்றால் பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். சாயம் எங்கே தடித்து நிற்கிறது, எங்கே துணி தெரிகிற அளவுக்கு மெலிந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

கெடிலக்கரை சார், எப்படிப் பார்ப்பது என்று சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் பார்த்து முடிக்க நினைக்காதீர்கள். முதலில் நிற்காமல் ஒரு சுற்று. அவளை இழுத்த நாலைந்து படங்களை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மறுபடி போய், ஒவ்வொன்றின் முன்னாலும் நல்ல நேரம் நிற்கட்டும். தூரத்தில் ஒரு தடவை, மூக்கு முட்டுகிற கிட்டத்தில் ஒரு தடவை, தொடாமல். கால் வலிக்கும், கண் மங்கும், எல்லாருக்கும் வருவதுதான். 1916லேயே பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருந்த பெஞ்சமின் கில்மன், பார்வையாளர் எப்படியெல்லாம் குனிந்து வளைந்து பார்க்க வேண்டியிருக்கிறது என்பதைப் போட்டோ எடுத்தே ஒரு கட்டுரை எழுதினார். இடையில் வெளியே வந்து ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பப் போங்கள்.

சில அறைகள் இருட்டாக இருக்கும். மின்சாரச் சேமிப்பு என்று நினைக்க வேண்டாம். பழைய போட்டோ, நீர்வண்ணம், காகிதத்தில் வரைந்தது எல்லாம் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். அதனால் பொதுவாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் விளக்கு வைக்க மாட்டார்கள், நம் ஆபீஸ் மேஜை வெளிச்சத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். உள்ளே போய்க் கொஞ்சம் நின்றால் கண் பழகிவிடும்.

செம்மண்டலம் (கடலூர்)

டீச்சர் சொல்றது புரியுது. என் கேள்வி வேற இடத்துல இருக்கு. இவ்வளவு முக்கியம்னா அது ஏன் சென்னையிலயே கிடக்கணும்? ஒவ்வொரு தகப்பனும் ஒரு நாள் கூலிய விட்டுட்டுப் பிள்ளைய அழைச்சிட்டு 180 கிலோமீட்டர் ஓட முடியுமா? புத்தகத்துக்கு ஊருக்கு ஊரு திருவிழா வருது. படத்துக்கும் வரட்டும்.

ஈசிஆர் பயணி (லாஸ்பேட்டை, புதுச்சேரி)

இது நியாயமான பேச்சு. அதுவரைக்கும் பக்கத்துல இருக்கிறதையாவது விடாம பாக்கலாம். புதுச்சேரியில துய்மா வீதியில, அலியான்ஸ் பிரான்சேஸ்ங்கிற பிரெஞ்சு மொழி மையத்தோட கொலோம்பானி இல்லம்னு ஒரு காட்சிக் கூடம் இருக்கு. ஆரோவில்ல சித்தடீன்ஸ் கலை மையம், பாரத் நிவாஸ் ரெண்டுலயும் வைப்பாங்க. சாவித்திரி பவன்ல ஹூத்தா வரைஞ்ச ஓவியங்கள் எப்பவும் இருக்கும். கடலூர்லேருந்து டவுன் பஸ் தூரம்தான் புதுச்சேரி. சென்னை போறதுக்கு முன்னாடி இங்க ஒண்ணு பாத்துட்டுப் போனா பொண்ணுக்குக் கூச்சம் விட்டுப் போகும்.

பழைய ஸ்டூடியோ (திருப்பாதிரிப்புலியூர்)

தம்பிங்க பேசுறதப் படிச்சிட்டே இருந்தேன். எங்கப்பா காலத்துலேருந்து ஸ்டூடியோ. டார்க் ரூம்ல சிவப்பு விளக்குல டிரேயை ஆட்டிக்கிட்டே வளர்ந்தவன் நான். வெள்ளைக் காகிதத்துல முதல்ல கண்ணு வரும், அப்புறம் மீசை, அப்புறம் சட்டைக் கரை. அந்தக் காலத்துல எங்க ஷோகேஸ் கண்ணாடிதான் இந்த ஊருக்குக் கண்காட்சி. யாரு வீட்டுக் கல்யாணப் படம் மாட்டியிருக்குன்னு பாக்க ஜனம் நின்னுட்டுப் போகும்.

அந்த நெகட்டிவ் எல்லாம் எங்க போச்சுன்னு கேட்டா மனசு கனக்கும். பழைய கறுப்பு வெள்ளை பிலிம்ல வெள்ளி உண்டு. அதைப் பிரிச்சு எடுக்கிறவங்க எடைக்குக் கேட்டு வருவாங்க. இடம் அடைக்குதுன்னு எத்தனையோ கடைக்காரங்க மூட்டை மூட்டையா போட்டாங்க. மிச்சத்த 2011 டிசம்பர்ல தானே புயலும் 2015 வெள்ளமும் தின்னுச்சு. நனைஞ்ச ஆல்பத்தப் பிரிச்சா படமெல்லாம் எதிர்ப் பக்கத்துல ஒட்டிக்கிட்டு உரியும்.

இதைக் கவனிச்சு வேலை செஞ்சவங்க புதுச்சேரியிலயே இருக்காங்க. 1955ல தொடங்கின பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழ்நாட்டு ஸ்டூடியோக்கள்ல 1880லேருந்து 1980 வரைக்கும் எடுத்த படங்களத் தேடிப்போய் ஸ்கேன் பண்ணினாங்க. பிரிட்டிஷ் நூலகத்தோட அழிவிலிருக்கும் ஆவணங்கள் திட்டத்துல அது நடந்துச்சு. கோயில் சிற்பம், கட்டடம்னு அவங்ககிட்ட ஒரு லட்சத்துக்கு மேல படம் இருக்கு. எங்கேயாவது அந்தப் படங்கள மாட்டினாங்கன்னு கேள்விப்பட்டா கட்டாயம் போங்க. திரைச்சீலைக்கு முன்னாடி நிக்கிற அந்த மனுஷங்க எல்லாம் நம்ம தாத்தா பாட்டிதான்.

இன்னொண்ணு. போட்டோவுல உலகத்துல பெரிய பேரு ஆன்றி கார்த்தியே-பிரெசோன். அவரு 1950 ஏப்ரல்ல திருவண்ணாமலையில இருந்தாரு, ரமணர் மறைஞ்ச அந்த நாட்கள எடுத்தாரு. அதே மாசம் புதுச்சேரி வந்து அரவிந்தரையும் அன்னையையும் எடுத்தாரு. அந்த டிசம்பர்லயே அரவிந்தரும் போயிட்டாரு. நம்ம மண்ணுக்கும் போட்டோவுக்கும் உறவு இல்லன்னு பொண்ணு நினைச்சுடக் கூடாது, அதுக்காகச் சொல்றேன்.

தென்பெண்ணை (பாகூர்)

ஐயா எழுதினதப் படிச்சதும் ஒரு குறையச் சொல்லத் தோணுது. சென்னையில ஒரு காட்சிக்கு என் அம்மாவ அழைச்சிட்டுப் போயிருந்தேன். நெசவாளிங்களப் பத்தின படங்கள். அம்மா தறியில உக்காந்து வளர்ந்தவங்க. சுவர்ல இருந்த விளக்கம் அத்தனையும் இங்கிலீஷ், அதுவும் எனக்கே ரெண்டு தடவை படிச்சாத்தான் புரியுற இங்கிலீஷ். அம்மா ஒவ்வொரு படத்துக்கும் "என்னடா போட்டிருக்கு?"ன்னு கேட்டாங்க. நான் சொல்லச் சொல்ல, "இந்தப் பாவு இழுக்குற விதம் காஞ்சிபுரம் இல்லடா"ன்னு அவங்க எனக்குச் சொன்னாங்க. அங்க இருந்தவங்கள்ல அந்தப் படத்தப் பத்தி அதிகம் தெரிஞ்சது அவங்களுக்குத்தான். அவங்களால படிக்க முடியாத மாதிரி எழுதி வச்சிருக்காங்க.

நடத்துறவங்க யாராவது இதைப் பாத்தா, தமிழ்ல நாலு வரி போடுங்க. படம் எங்க எடுத்தது, அதுல இருக்கிறவங்க யாரு, என்ன செஞ்சிட்டிருக்காங்க. அவ்வளவு போதும். கெடிலக்கரை சார், அங்க இருக்கிற பசங்ககிட்ட தமிழ்ல சொல்லுங்கன்னு கேளுங்க. கேட்டா நல்லாச் சொல்றாங்க.

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்)

போய்ட்டு வந்துட்டோம். எல்லாருக்கும் நன்றி. ஈசிஆர் தம்பி சொன்னபடி முந்தின நாளே போன் பண்ணிக் கேட்டுட்டு, சனிக்கிழமை கிளம்பினோம்.

டீச்சர் சொன்ன மாதிரி மொதல்ல நிற்காம ஒரு சுத்து. ரெண்டாவது சுத்துல என் மக ஒரு படத்துக்கிட்ட போனவ அங்கேயே நின்னுட்டா. கடற்கரைப் படம். அஞ்சடி அகலம் இருக்கும். தூரத்துலேருந்து பாத்தப்ப எனக்கு ஒரு படகும் மணலும்தான் தெரிஞ்சுது. கிட்ட போனா படகுப் பலகைய இணைச்ச கயிறு தெரியுது, கயித்துல காஞ்ச உப்பு தெரியுது. பின்னால, வானமும் தண்ணியும் சேர்ற இடத்துல, ஒரு பையன் இடுப்பளவு தண்ணியில நின்னு நம்மளையே பாத்துக்கிட்டிருக்கான். அதே படத்தை வீட்டுக்கு வந்ததும் போன்ல தேடி எடுத்தோம். பையன் இருக்கிறதே தெரியல.

எடுத்தவர் அன்னிக்கு அங்கேயே இருந்தார். வயசு குறைஞ்சவர்தான். என் மக கிட்ட போய், "நீங்க எங்க நின்னு எடுத்தீங்க?"ன்னு கேட்டா. "நிக்கலம்மா, முட்டி போட்டு எடுத்தேன். படகோட வயிறு தெரியணும்ல"ன்னார். அப்புறம் அவ போன்ல இருந்த படங்களக் காட்டச் சொன்னார். பொறுமையா எல்லாத்தையும் பாத்துட்டு, வலை பின்னுற கைப்படம் ஒண்ணுல நிறுத்தி, "இதுல முகம் இல்லாதது நல்லா இருக்கு, நீ முகத்தையும் எடுத்திருந்தா நான் கையப் பாத்திருக்க மாட்டேன்"ன்னார். அவ அதுக்கப்புறம் ரொம்ப நேரம் பேசல.

ஒரு விஷயம் எனக்கே உறுத்துச்சு. படமெல்லாம் பெரியவங்க கண் உயரத்துக்கு மாட்டியிருக்காங்க. பக்கத்துல ஒரு அம்மா சின்னப் பையன ஒவ்வொரு படத்துக்கும் தூக்கித் தூக்கிக் காட்டிக்கிட்டிருந்தாங்க. சில படத்துக்குக் கீழ சின்னதா சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்துச்சு. வித்துப்போச்சுன்னு அடையாளமாம். காட்சி முடியுற வரைக்கும் சுவர்லயே இருக்குமாம், அப்புறம்தான் வாங்கினவர் எடுத்துட்டுப் போவாராம்.

இப்ப அவ கேக்குறது, தன்னோட படத்த அதே மாதிரி பெருசாப் போட்டுப் பாக்கணும்னு. ஐயா, போன்ல எடுத்தத எவ்வளவு பெருசாப் போடலாம்?

வண்ணக்குழைவு (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

சார், அவள் அந்த ஒரு படத்தின் முன்னால் நின்றாளே, அதற்காகவே போனது தகும். அந்தக் கைப்படத்தை எனக்கும் பார்க்க ஆசை. தூக்கிக் காட்டிய அம்மாவைப் பற்றி எழுதியது ரொம்பச் சரி. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தடிக்குக் கொஞ்சம் கீழே வருகிற மாதிரி மாட்டுவது வழக்கம். பிள்ளைகள் வருகிற இடம் என்றால் இன்னும் இறக்கலாம், பெரியவர்கள் குனிந்துகொள்ளட்டும்.

பழைய ஸ்டூடியோ (திருப்பாதிரிப்புலியூர்)

முட்டி போட்டு எடுத்தேன்னு சொன்னாரே, அவர் நல்ல பிள்ளை.

12 மெகாபிக்சல் போன்னா நீளவாக்குல 4000 புள்ளி வரும். 12க்கு 18 அங்குலம் பிரிண்டு போட்டா அங்குலத்துக்கு 220 புள்ளிக்கு மேல நிக்கும், கிட்ட வச்சுப் பாத்தாலும் கெடாது. 20க்கு 30 போட்டா 130 சொச்சம்தான் வரும். நாலடி தள்ளி நின்னு பாத்தா நல்லாத்தான் இருக்கும், மூக்கு வச்சுப் பாத்தா மங்கல் தெரியும். ஜூம் பண்ணி எடுத்திருந்தா இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பாதீங்க, சுருக்கிப்புடும். டாக்குமெண்டா அனுப்பணும், இல்லன்னா போனையே கொண்டு வாங்க. மேட் காகிதத்துல போடுவோம். பளபளன்னு போட்டா டியூப்லைட்டுதான் தெரியும், கை தெரியாது.

செம்மண்டலம் (கடலூர்)

கெடிலக்கரை அண்ணே, ஒண்ணு மட்டும் போடாதீங்க. அவகிட்ட இருக்குறதுல பத்துப் பன்னெண்டு படத்தப் போடுங்க. துறைமுகத்துக்காரங்க பாக்குற இடத்துல மாட்டலாம். படத்துல இருக்கிற கை அவங்க கைதானே, அவங்க பாக்காம வேற யாரு பாக்குறது? பிரிண்டு செலவுல பாதி நான் தர்றேன். எங்க தெருவுல சமுதாயக் கூடம் இருக்கு, ஞாயித்துக்கிழமைக்குக் கேட்டுப் பாக்குறேன்.

தென்பெண்ணை (பாகூர்)

விளக்கம் தமிழ்ல நான் எழுதித் தர்றேன். படத்துல இருக்கிறவங்க பேரையும் அவங்க என்ன வேலை செய்றாங்கங்கிறதையும் பொண்ணே போய்க் கேட்டு எழுதிக்கிட்டு வரட்டும். மாட்டலாமான்னு அவங்ககிட்ட சம்மதமும் கேட்டுடணும்.

செம்மண்டலம் (கடலூர்)

கூடம் கிடைச்சுடுச்சு, வாடகை வேணாம்னுட்டாங்க. ஆனா சுவர்ல ஆணி அடிக்கக் கூடாதாம், புதுசா வெள்ளையடிச்சிருக்காங்க. என்ன பண்ணலாம்?

பழைய ஸ்டூடியோ (திருப்பாதிரிப்புலியூர்)

ஆணி வேணாம். தூணுக்குத் தூண் கம்பி கட்டுங்க. நைலான் கயிறு வேணாம், மத்தியானத்துக்குள்ள தொய்ஞ்சிடும். சன்போர்டுல (லேசான கெட்டி அட்டை) ஒட்டின படம்னா மேல ரெண்டு கிளிப் போதும், வெறும் காகிதம்னா கீழயும் ரெண்டு போட்டாத்தான் சுருளாது. தரையிலேருந்து நாலடியில படத்தோட நடு வரட்டும். அன்னிக்குக் காலையில ஏழு மணிக்கே நான் வந்துடுறேன், ஏணி மட்டும் ஏற்பாடு பண்ணி வைங்க.